கஸ்தூரி கட்டிக் கொடுத்த பை

என் மனைவி கஸ்தூரிக்குச் சுத்தப் பைத்தியம். வேலை விட்டு வந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள். மலேசியாவில், மூவார் ஊரில் நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிறவன் மேல் தின்னர் வாடை வராமல் மல்லிகையா மணக்கும்? கேட்டால் முறைப்பாள். அந்தச் சுத்தமே எங்கள் பத்து மாதப் பிள்ளை தனிஷாவுக்கு எமனாக வரப் பார்த்தது.

பிள்ளைக்கு முதலில் வாந்தி. பிறகு காய்ச்சல், அதன் பின் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. பல் முளைக்கும்போது அப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். அழுதும் கண்ணில் நீர் வரவில்லை என்றதும் பயந்துபோய்க் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். சோதனையில் ரோட்டா வைரஸ் என்று தெரிந்தது. இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை, அதுவாகத்தான் அடங்கும் என்றார் டாக்டர் சுகுமாறன். அதுவரை வெளியே போகிற தண்ணீருக்கு ஈடாக உள்ளே ஏற்ற வேண்டும், ஈடு குறைந்தால் பிள்ளை தாங்காது என்றும் சொன்னார். அந்த அறையில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இதே வைரஸ்தான். தாய்மார் மட்டும் தங்கலாம் என்பதால் கஸ்தூரியை விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் பார்க்கப் போனபோது தாதி நல்ல செய்தி சொன்னார். பேம்பர்ஸில் அதிகம் வரவில்லை, பேதி குறைகிறது, டாக்டர் டிரிப்பையும் குறைத்துவிட்டார் என்றார். எனக்கென்னவோ பிள்ளையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கண் குழி விழுந்து, பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. நல்லாயிட்டு வருதாம் என்று கஸ்தூரியும் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கிளம்பும்போது ஒரு கறுப்புப் பையைக் கொடுத்து, வெளியே குப்பைத் தொட்டியில் போடச் சொன்னாள். முதல் நாள் அட்மிட் பண்ணிவிட்டுக் கிளம்பும்போதும் ஒன்று கொடுத்தாள். சாப்பாட்டுக் குப்பை என்று நினைத்து எறிந்திருந்தேன். இன்றைக்குப் பை நன்றாகக் கனத்தது.

கதவோரம் ஒரு தராசு இருந்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெண் ரொஹானா, தன் மகனின் அழுக்குப் பேம்பர்ஸை அதில் வைத்துக்கொண்டிருந்தார். தாதி எடையைக் குறித்துக்கொண்டார். எவ்வளவு வெளியே போகிறதென்று பார்த்துத்தான் டிரிப் அளவை வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே பையைப் பிரித்தேன். உள்ளே முழுக்கப் பேம்பர்ஸ். குடலைப் புரட்டும் நாற்றம்.

"இதெல்லாம் நிறுக்கச் சொல்லலையா கஸ்தூரி?"

சொன்னார்களாம். மூத்திரம் மட்டும் போனதைக் கொடுத்தாளாம். மற்றதைக் கழிவறையில் வைத்துச் சுருட்டிக் கட்டினாளாம். டிரிப்தான் இறங்குகிறதே, இதைக் காட்டாவிட்டால் என்ன என்று நினைத்திருக்கிறாள்.

"நாறுதுங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. இந்தியன் பிள்ளன்னாலே நாத்தம்னு சொல்லிடுவாங்க."

எனக்கு வந்த ஆத்திரம் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் தலை எண்ணெய்க்கு மூக்கைப் பொத்தியவர்களைப் பற்றிக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதோடு அவள் தலையில் எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டாள்.

பையைத் தாதியிடம் கொடுத்தேன். தராசைப் பார்த்த தாதியின் முகம் மாறியது. டாக்டர் ஓடி வந்தார். இன்னொரு கையிலும் ஊசி குத்தி வேகமாகத் தண்ணீர் ஏற்றினார்கள். ஊசி குத்தியபோது பிள்ளை முனகக்கூட இல்லை. கஸ்தூரி சுவரோரம் நின்று, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன் என்று அழுதாள்.

ரொஹானா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது, ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. தன் மகனுடையதும் இதே நாற்றம்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வைரஸ், நாற்றம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுமா என்று மலாயில் கேட்டார். பிறகு தன் சட்டைக் கையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சாமா லா," என்றார். எல்லாம் ஒன்றுதான்.

அன்றைக்கு என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சாயங்காலம் தனிஷா சிணுங்கினாள், பிறகு வீறிட்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பிள்ளை அழுவதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு மறுபடியும் பேதி போனது. கஸ்தூரி பேம்பர்ஸைக் கழற்றினாள். பையைத் தேடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே தராசு வரைக்கும் நடந்தாள்.

"மிஸ்ஸி, இது என் மகளோடது," என்று தாதியிடம் அறை முழுக்கக் கேட்கும்படி மலாயில் சொன்னாள்.