வீட்டுக்கு ஒரு கையெழுத்து

1.
முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒன்ராறியோவின் வோபர்னில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்ட் நின்று மூன்று கிழமையானபோது ஒரு மனு வந்தது. வேலைக்குப் போயிருந்த கணவருக்கும், தூங்கிக்கொண்டிருந்த மகளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. மற்றதெல்லாம் கற்பனை.

2.
தொடக்கம் ஒன்று: "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, என் தொகுதி மக்களின் சார்பில்…"

(வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர் என்றால் சபையில் முழங்குகிறவர் என்று நானும் நினைத்திருந்த காலத்தில் எழுதியது.)

தொடக்கம் இரண்டு: ஃபஸ்னா ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு முதல் தடவை தெரிவானவள். ஞாயிறு பகல், தொகுதி அலுவலகத்தில் மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பழுதான லிஃப்டைத் திருத்தச் சட்டம் கெடு விதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. நாளை சபையில் வாசிக்க வேண்டும். ஐந்தாம் தாளில் கை நின்றது.

"கிளடிஸ் அன்ரி, உதில ஆறு பேரும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

வீடு வீடாக மனுவைக் கொண்டு திரிந்த கிளடிஸ் எதிரே இருந்தாள்; கொஞ்சமும் கலங்கவில்லை. "ஓம் பிள்ளை. வீட்டுக்கு ஒராள் எல்லாருக்கும் போட்டாக் காணும் எண்டு நான்தான் சொன்னனான். கோயில் லிஸ்ற்றுக்கும் உப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

[மனுவில் அவரவர்தான் கைப்பட ஒப்பமிட வேண்டும். உறுப்பினரும் தன் ஒப்பத்தை வைத்துத்தான் சமர்ப்பிப்பார். இது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. வெட்கமாக இருந்தது.]

3.
ஃபஸ்னாவை நான் நம்பவில்லை. கண்டும் காணாததுபோல் ஒப்பமிடுகிறாள் என்றுதான் எழுதிப் பார்த்தேன். காரணமும் இருந்தது. கிளடிஸின் கணவர் செல்வரட்ணம் அதே கட்டடத்தில் பதினோராம் மாடியில் இருக்கிறார். கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ்.

"வெள்ளிக்கிழமை தூக்கி இறக்க ஆள் வரேல்லை. அவர் போகேல்லை," என்றாள் கிளடிஸ். "இன்னொருக்காத் தவறினால்…"

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

ஆனால் ஃபஸ்னா நான் எழுதியதைச் செய்ய மாட்டேன் என்று நின்றாள்.

"நாளைக்கு அங்கிளை இறக்க ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். புதனுக்கு? அதுக்குப் பிறகு? உந்தத் தாளைக் கட்டடக்காரன்ட லோயர் கண்டா, லிஃப்ட் பழுதெண்டதும் பொய் எண்டுவான். வாங்கோ, திரும்பக் கையெழுத்து வாங்குவம்."

"இருநூறு பேரிட்டயுமோ? லிஃப்ட் இல்லைப் பிள்ளை!"

"படி இருக்குத்தானே அன்ரி."

4.
ஏறினாள். ஆறாம் மாடியில் என் கதவையும் தட்டினாள். (இது நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும்.) வீட்டில் இல்லாத என் கணவரின் பெயரைக் கோடிட்டு வெட்டினாள். மகளை எழுப்பினேன்.

"என்னட்டக் கேட்டிருந்தா நானே போட்டிருப்பன் அம்மா," என்றாள் மகள்.

பேனையை அவளிடம் நீட்டினேன்.

5.
முடிவு (அ): சட்டம் வருகிறது, லிஃப்ட் ஓடுகிறது. இவ்வளவு சுலபமாக நடக்காது என்று எனக்கே தெரியும்.

முடிவு (ஆ): புதன்கிழமை செல்வரட்ணம்—

இதை எழுத மாட்டேன்.

அதே ஞாயிறு, பின்னேரம் ஐந்து மணி. பத்தாம் மாடியில் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு நான் ஆள் எவரையும் படைக்கவில்லை. உள்ளே இருந்து இதை வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஃபஸ்னா மூச்சு வாங்க இரண்டாம் முறை தட்டுகிறாள். எழும்பிப் போய்த் திறவுங்கள், திறக்காமல் விடுங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.