முகப்பு விளக்கில் தண்ணீர்

கார் சர்வீஸ் சென்டரில் வாரண்டி மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர் ‘இல்லை சார்’. எந்தக் கோளாறோடு யார் வந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். மழைக்காலம் வந்துவிட்டால் அவனுக்குக் கொண்டாட்டம். ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்திருக்கிறது என்று ஆளாளுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். “விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, தானா காஞ்சிடும். இதெல்லாம் வாரண்டில வராது” என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் அனுப்பிவிடுவான். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

அன்றைக்கு வந்தது அவனுடைய அத்தான். கூடவே அக்காவும் வந்திருந்தாள்.

அத்தான் என்றால் அவனுக்கு வேப்பங்காய். போன வருஷம் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா பேசி முடிக்க அக்கா வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். அத்தான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “மாப்பிள்ளைக்குப் பெரிய உத்தியோகம். ஊரான் காரைத் துடைச்சு நிறுத்துறது” என்று சொல்லிச் சிரித்தார். வந்தவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

இப்போது அதே அத்தான் புதுக் காரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். “என்ன மச்சான், உங்க கம்பெனி வண்டியில மீன் வளக்கலாம் போலிருக்கே!”

அவன் குனிந்து பார்த்தான். வெறும் ஆவி இல்லை. கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாகத் துளிகள் நின்றன. அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் தளும்பியது. ஓரத்தில் கண்ணாடியை ஒட்டியிருந்த பசை விரலால் தொட்டாலே பிரிந்து வந்தது. தயாரித்தபோதே நேர்ந்த தப்பு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட வாரண்டியில் மாற்றிக் கொடுத்துவிடுவான்.

பானெட்டைத் திறந்து விளக்கின் பின்பக்கத்து ரப்பர் மூடியைத் தடவினான். கச்சிதமாக இருந்தது. உடம்பால் மறைத்துக்கொண்டு அதன் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பி விட்டான். பிறகு நிமிர்ந்து, காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

“வெளியில யாரோ கை வச்சிருக்காங்க. மூடி சரியாப் போடலை. வாரண்டி கிடையாது.”

“யாரும் தொடலைடா!”

“தொடாமலா மூடி இப்படி இருக்கு? பொய் சொல்லி ஓசியில மாத்திட்டுப் போகலாம்னு நிறையப் பேர் வர்றாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு.”

சோபாவில் இருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தானின் காது மடல் சிவந்தது. அக்கா கிட்டே வந்து தாழ்ந்த குரலில், “டேய், கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடுடா” என்றாள்.

“ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்கா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். அன்று மத்தியானம் சாப்பாடு அவனுக்கு அமிர்தமாக இறங்கியது.

அடுத்த வாரம் அக்கா மட்டும் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதே பார்த்தான். இடது மணிக்கட்டில் கட்டு. கன்னத்தில் பவுடரை அப்பியிருந்தாள். அதையும் மீறி நீலம் தெரிந்தது.

“என்னக்கா இது?”

“வழுக்கி விழுந்துட்டேன்.”

“அக்கா.”

“கேக்காதடா. லைட்டை மாத்திக் குடு. மாத்தாம வீட்டுக்குள்ள வராதேன்னு சொல்லியிருக்காரு.”

“நீ போகாத. என் ரூமுக்கு வா. நான் பாத்துக்கறேன்.”

“எத்தனை நாளைக்கு?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “பிள்ளைங்க ஸ்கூல் விட்டு அந்த வீட்டுக்குத்தான் வரும். நாலு பேர் முன்னாடி நீ ஜெயிச்சே. அவர் என்னை ஜெயிச்சாரு. அவ்வளவுதான். இது எனக்கு முன்னாடியும் பழக்கம்தான்டா, நீ பாத்ததில்லை.”

போன வாரம் அவள் ஏன் தலையைக் குனிந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டான். மேனேஜரிடம், மறுபடி சோதித்ததில் கம்பெனித் தப்பு என்று தெரிந்ததாகச் சொன்னான். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். புது விளக்கு வந்து பளிங்காக உட்கார்ந்தது.

அக்காவைக் கிளம்பச் சொல்லும் முன்பே அத்தான் வந்து நின்றார். எங்கோ பக்கத்தில்தான் காத்திருந்திருக்க வேண்டும். புது விளக்கைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார்.

“ரூல்ஸ் மாறிடுச்சா மச்சான்?”

“கம்பெனித் தப்புதான் அத்தான். அன்னைக்கு நான் சரியாப் பாக்கலை.”

“அதானே! சொல்ற விதத்துல சொன்னா யாருக்கும் புரியும்.” சிரித்தார். நல்ல சிரிப்பு; இவர் நல்லவர் என்று எவரும் நம்பக்கூடிய சிரிப்பு. “அப்புறம், இந்த டிரைவர் கதவு மூடும்போது ஒரு சத்தம் வருது. அதையும் பாத்துடு.”

“சத்தமெல்லாம் வாரண்டில...” என்று பழக்கத்தில் வாய் ஆரம்பித்துவிட்டது.

“வராதா?” அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “சரி, விடு. நாளைக்கு இவளையே அனுப்பி வைக்கிறேன். அக்கா சொன்னா நீ தட்ட மாட்டே.”

அக்கா தரையைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை மெல்லச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம் அத்தான். இப்பவே பாத்துடறேன்.”

காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஈரத்தரையில் முழங்காலிட்டுக் கதவருகே காதை வைத்தான். அத்தான் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். கதவு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடியது.

“கேக்குதா?”

“கேக்குது அத்தான்” என்றான்.

“நல்லாக் கேளு” என்று சொல்லி, அவர் மறுபடியும் கதவைத் திறந்தார்.