நாடிக்கட்டு

செவலைப் பசுவைக் கயிற்றோடு இழுத்துவந்து, பந்தலில் கிடத்தியிருந்த சிவனணைந்தபெருமாளின் தலைமாட்டில் நிறுத்திவிட்டார்கள். எசமானை அது கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டுமாம். பட்டாளத்திலிருக்கும் மகன் சாயந்திரம்தான் வந்து சேருவான். தென்காசியிலிருந்து வரவேண்டிய ஐஸ் பெட்டியையும் இன்னும் காணவில்லை. வெளியே சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது.

பசு கத்தியது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"வாயில்லா சீவன் எப்படி அழுவுது பாரு," என்றாள் இறந்தவரின் அக்கா ஆவுடைத்தாய். "ஏட்டி குருவம்மா, ஒனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரலியே."

குருவம்மாள் புருஷனை விட்டுப் பசுவின் முகத்தைப் பார்த்தாள். காதுகள் பின்னுக்கு மடிந்து கிடந்தன. கண்ணுக்கு மேலே சுருக்கம். பின்னங்கால்களை அகட்டி, மாற்றி மாற்றி வைத்தது. நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. நேற்று சாயந்திரம் கறந்ததுதான். விடியற்காலையில் புருஷன் போன வீட்டில் யாருக்கு மாட்டு நினைப்பு வரும்?

"அது அழல மைனி. அதுக்கு மடி வலிக்கி."

"பொணத்தப் போட்டுட்டுப் பால் பீச்சப் போறியாக்கும். நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாவ."

கயிற்றை வாங்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். மடி கல்லாக இறுகியிருந்தது. முதல் பீச்சில் பால் திரிதிரியாக வந்தது. அதை மண்ணில் விட்டாள்.

மேலகரத்தில் எந்த மாட்டுக்கு என்னவென்றாலும் குருவம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். பல்லைக் கடிக்கிறதா, படுக்காமல் நிற்கிறதா, வலிதான் என்று டாக்டர் வருமுன்பே சொல்லிவிடுவாள். அவள் புருஷனும் இரண்டு மாதமாகத் தூக்கத்தில் பல்லைக் கடித்தார். 'பூச்சியா இருக்கும், மருந்து குடிங்க,' என்றாள். பத்து நாளாகப் படுக்காமல் சுவரில் சாய்ந்தே கிடந்தார். கேட்டால், 'வாய்வுதான், நீ தூங்கு,' என்றார். சரியென்று போர்வையைப் போர்த்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அட பாவி, மாட்டில் தெரிந்தது கட்டின மனுஷனில் தெரியாமல் போயிற்றே. பசுவின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். ஆவுடைத்தாய் கேட்ட கண்ணீர் இங்கே வந்தது, பார்க்க யாருமில்லை.

மடி தளர்ந்ததும் பசு பல் கடிப்பதை நிறுத்திவிட்டுக் காதை முன்னே கொண்டுவந்தது. அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பிப் போனபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. அவரை உள்ளே வைத்தாயிற்று. பெட்டி கொண்டுவந்த செல்லப்பா கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"மூடவா அக்கா?"

"கொஞ்சம் பொறு."

குனிந்தாள். தாடை தொங்காமலிருக்கத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த நாடிக்கட்டுத் துணியை மெல்ல விலக்கி, பால் பிசுபிசுத்த கட்டைவிரலை அவர் காதடியில் வைத்து அழுத்தினாள். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

உள்ளே பல் அரைபடவில்லை.

"ம். மூடு," என்றாள்.