நலம் விசாரிக்கத் தெரியாத இயந்திரம்

எங்கள் அலுவலகத்தில் காபி மூன்று சுற்று ஓடும். மூன்றாவது சுற்று முடியுமுன் எழுந்து போகிறவனை அடிஸ் அபாபாவில் மனிதரோடு சேர்ப்பதில்லை. அன்று அந்த மூன்றாவது சுற்றில்தான் மேலாளர் மெக்குரியா, சாம்பிராணி புகையும் கரிச்சட்டியைத் தூக்கி, கைக்கு அகப்பட்ட ஒரு கறுப்புச் சதுரத்தின் மேல் வைத்தார். மேசை பொசுங்கிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம். அந்தக் கறுப்புச் சதுரம் ஒரு ஃபிளாப்பி. கல்லில் ஊற்றிய இஞ்ஜெரா அப்பம் போல அது நடுவில் கண் கண்ணாகப் பொரிந்து, ஓரம் சுருண்டது.

“சாம்பிராணி வாசனை மாதிரி இல்லையே. எதைப் பொசுக்கினீங்க?” என்று கேட்டாள் அஸ்கலே.

பொசுங்கியது அவளுடைய வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது?

அஸ்கலே எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் தொலைபேசி இணைப்புப் பலகையில் இருந்தாள். சிறுவயதில் அம்மை வந்து பார்வை போய்விட்டது. ஒருவர் ஃபோனை எடுத்து மூச்சு விட்டாலே பெயரைச் சொல்லிவிடுவாள். அமைச்சர் ஒருவருக்குச் சளி பிடித்ததை அவருடைய வைத்தியருக்கு முன்பே கண்டுபிடித்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை. பாடங்களை அண்ணன் வாசித்துக் காட்டுவான். அவன் வடக்குப் போர்முனைக்குப் போனான், திரும்பவில்லை. பிறகு ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டே படித்தாள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முப்பது வயது வரம்பு. அவளுக்கு அது கடைசி வருடம். முந்தைய வருடம் யாரோ தில்லுமுல்லு செய்ததால், கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வைப்பதைத் தடை செய்துவிட்டார்கள். பிரெயிலில் அச்சான தாள் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

பிரெயில் அச்சு இயந்திரம் எங்கள் பின்னறையில்தான் இருந்தது. தேர்வன்று காலை அதிகாரி ஒருவர் கேள்வித்தாளை முத்திரையோடு கொண்டுவந்து, எங்களிடமே அச்சடித்து, அங்கேயே அவளை எழுதவைப்பதாக ஏற்பாடு. அதை ஓட்டும் நிரல் அந்த ஒரே ஃபிளாப்பியில் இருந்தது.

கணினி என் பொறுப்பு. அதே நிரல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கிடங்கில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் எட்டிப் பிடிக்க எங்களிடம் நேர்வழி கிடையாது. பிற்பகலில் ஒருமுறை அஸ்கலே லண்டனுக்கு லைன் போட்டுத் தருவாள். எங்கள் மோடம் அழுது, கத்தி, தெருநாய்களை எல்லாம் ஊளையிட வைத்துவிட்டு, லண்டன் மின்னஞ்சல் நிலையத்தோடு கடிதங்களை மாற்றிக்கொள்ளும். எங்களுக்கு இருந்த உலகத் தொடர்பு அவ்வளவுதான். கிடங்கு வாசலில் கடிதத்துக்குப் பதில் போடும் இயந்திரம் ஒன்று உண்டு. இன்ன கோப்பு வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதினால், கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கடிதமாக்கி அனுப்பும். நாம் இங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கடிதத்தை நான்தான் எழுதுவேன் என்று மெக்குரியா பிடிவாதம் பிடித்தார். கரிச்சட்டி வைத்த கை அவருடையதாயிற்றே.

“காஷே, கோப்புப் பேரு மட்டும் போதும்” என்றேன். பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“எடுத்த எடுப்புல ‘கொடு’ன்னு கேக்க நான் என்ன வழிப்பறிக்காரனா? நம்மள வளர்த்தவங்களப் பத்தி அவங்க என்ன நினைப்பாங்க?”

ஆக, கடிதம் முறைப்படி புறப்பட்டது. எப்படி இருக்கிறீர்கள், கடவுளுக்கு நன்றி, உடம்பு நலமா, பிள்ளைகள் நலமா, அங்கே மழை உண்டா, ஆடுமாடு சுகமா. கோப்பின் பெயர் கிட்டத்தட்ட அடுத்த மாகாணத்தில் வந்தது.

மறுநாள் பதில் வந்தது. அந்த இயந்திரத்துக்கு ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. ‘உடம்பு நலமா: இந்தக் கட்டளை தெரியாது. பிள்ளைகள் நலமா: இந்தக் கட்டளை தெரியாது.’ ஆடுமாடு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தவறுகள் அதிகம் என்று கடிதத்தை மூடிவிட்டது. கோப்பின் பெயரை அது படிக்கவே இல்லை.

“திமிர் பிடிச்சது” என்றார் மெக்குரியா.

இந்த முறை நானே மொட்டையாக மூன்று வரி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். அதற்கும் இல்லை. திட்டக்கூட ஒரு வரி வரவில்லை. கம்பியை மாற்றினேன், மோடத்தை அவிழ்த்துத் துடைத்தேன், முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். கடிதங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. கடலில் கல்லைப் போட்டது போல. தேர்வு அடுத்த வாரம். அஸ்கலே பாட ஒலிநாடாவை வீட்டிலிருந்து கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“பாடம் எங்கயும் போகாது லெம்மா. தாள் வரட்டும்.”

மறுநாள் அவளாகவே லண்டன் நிலையத்துக்காரனை ஃபோனில் பிடித்தாள். காலின் என்று பெயர். உடம்பு, வீடு, மழை எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். நான் பக்கத்தில் இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன்.

“உங்க ஆபீஸ் கடிதமா? ஒண்ணும் வரலையே. இருங்க... குப்பைல ஏதோ கிடக்கு. ஒரு மாசத்துக்கு மேல பழசானா தானாவே தள்ளிடும். இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுல எழுதினது அம்மா! எட்டு வருஷமா எங்க சுத்திட்டு வருது?”

அஸ்கலே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “காலின், இங்க எண்பத்தாறுதான் நடக்குது.”

உலகம் தொண்ணூற்று நான்கில் இருந்தது. எங்கள் நாட்காட்டி எங்களுடையது, ஏழெட்டு வருடம் பின்னால் வரும். எங்களுக்குப் பதின்மூன்று மாதம், யாரோடும் போட்டி போட்டு ஓடுவதில்லை. முதல் பதில் வந்த பிறகு ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது கணினி தேதியைக் கேட்டிருக்கிறது. அதன் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது. மெக்குரியா நிமிர்ந்து, சுவரில் தொங்கிய தேவாலய நாட்காட்டியைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அச்சுப் பிசகாமல் அடித்திருக்கிறார்.

அவர் நாற்காலியில் சரிந்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

“ரெண்டு தடவையும் நான்தாம்மா. ரெண்டு தடவையும் என் கைதான்.”

“காஷே, நம்ம ஊர்ல உக்காந்துகிட்டு வேற எந்த வருஷத்த அடிப்பீங்க? எழுந்திரிங்க, எனக்கு லைன் போடணும்” என்றாள் அஸ்கலே.

தேதியைத் திருத்தினேன். எட்டு வருடத்தை ஒரே விரலால் தாண்டிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். மூன்று வரியை மீண்டும் அனுப்பினோம். துண்டுகள் லண்டனுக்கு வந்துசேர்ந்து எங்களுக்காகக் காத்திருந்தன. அவற்றை இறக்க வேண்டிய நாள், தேர்வுக்கு முதல் நாள்.

அன்று மழை. சாதாரண மழையா? நோவா பார்த்திருந்தால் ஆணியும் சுத்தியலும் தேடியிருப்பார். லைன் கிடைக்கும், நாலு துண்டு இறங்கும், இடி இடிக்கும், அறுந்துவிடும். ஒரு துண்டு பாதியில் அறுந்தால் அதை முதலிலிருந்து இறக்க வேண்டும். மாலையானால் சர்வதேச லைன்கள் மூடிவிடும்.

அஸ்கலே தலைமை இணைப்பகத்துப் பெண்களிடம் பேசினாள். பல வருடமாகக் குரலால் மட்டும் பழகியவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இது என் தேர்வு என்று அவள் அதுவரை அவர்களிடம் சொன்னதே இல்லை. அன்று சொன்னாள். அதன் பிறகு லைன் அறுந்தால் மறு நொடியே வந்தது. லண்டனுக்கு லைன் கேட்ட தூதரகங்கள், வியாபாரிகள், ஒரு ஜெனரல், எல்லோருக்கும் ‘லண்டன் கடலில் மூழ்கிவிட்டது’ என்று சொல்லப்பட்டதாக எனக்குத் தகவல்.

கடைசித் துண்டு இறங்கி முடியவும் மோடம் அடங்கவும் சரியாக இருந்தது. துண்டுகளின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டினேன். அச்சு இயந்திரத்துக்கு உயிர் வந்தது. சோதனைக்கு ஒரு வரி அடித்துக் கொடுத்தேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“இது என் பேரு” என்றாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார், முத்திரையை உடைத்தார், அஸ்கலேயை மட்டும் உள்ளே உட்காரவைத்து எங்களை வெளியே அனுப்பினார். பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த இயந்திரம் ஆணி அடிப்பது போலத் தாளைக் குத்தியது. பிறகு சத்தம் நின்றது. நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். காபி போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். மெக்குரியா வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் காபி வேண்டாம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்த அறைக்குள் விரல் நகரும் சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் சொல்வதில் அது ஒன்றுதான் மிகையில்லாதது.

மழைக்காலம் முடிவதற்குள் முடிவு வந்தது. தேறிவிட்டாள். இணைப்புப் பலகையை விட்டுப் போகும் நாளில் என் மேசைக்கு வந்தாள்.

“அந்த பின்லாந்து இயந்திரத்துக்கு நன்றி எழுதணும் லெம்மா. முறைப்படி.”

“அதுக்கு ஒரு மண்ணும் புரியாது.”

“புரியுதா இல்லையாங்கிறது அதோட கவலை. நீ எழுது.”

எழுதினேன். நீடூழி வாழ்க, உன் வீட்டில் விளக்கு அணையாதிருக்கட்டும், என் அண்ணன் இடத்தில் நின்று வாசித்துக் காட்டினாய். அவள் சொன்னபடி ஒரு எழுத்து குறைக்காமல் போட்டேன்.

மறுநாள் சம்பளக் கணக்கை முடிக்க வந்தபோது, பதில் வந்ததா என்று கேட்டாள்.

“வந்துச்சே! கடவுளுக்கு நன்றி, நாங்க நலம், பனி அதிகம், ஆடுமாடெல்லாம் சுகம்னு...”

“லெம்மா. உள்ளத வாசி.”

வாசித்தேன். “‘நீடூழி வாழ்க: இந்தக் கட்டளை தெரியாது. விளக்கு அணையாதிருக்கட்டும்: இந்தக் கட்டளை தெரியாது. என் அண்ணன் இடத்தில்...’”

அந்த வரியை முடிக்காமலே திரையை அணைத்தேன்.

அவள் கையை நீட்டித் தடவி, கணினியின் பக்கவாட்டில், வேலை முடிந்த குதிரையைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டினாள்.

“பாவம்” என்றாள். “அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”