காய்ந்த எலுமிச்சைத் தேநீர்

மோசுல் நகரில் நஸீரா தொடங்கவிருந்த ‘நாணல்’ இலக்கிய இதழுக்கு அரசு உரிமம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் முதல் இதழ் வெளிவராவிட்டால் உரிமம் செல்லாது. அந்த நேரம் பார்த்துத் தணிக்கை அதிகாரி அவளுடைய கதையின் குறுக்கே சிவப்பு மையால் கோடிழுத்தார். கண்ணைக் கட்டி எள் செக்கில் பூட்டிய கழுதையொன்று, தான் பாக்தாதுக்கு நடந்துகொண்டிருப்பதாக நம்புகிறது. ஒருநாள் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

“யாரைக் கழுதைங்கறீங்க?”

“கழுதையைத்தாங்க ஐயா.”

“அப்ப செக்குக்காரன் யாரு? வேணாம்மா. நீங்கதான் பிரெஞ்சுக் கதையெல்லாம் மொழிபெயர்க்கிறீங்களே, அதுல ஒண்ணைப் போடுங்க. எனக்கும் தொல்லை இல்ல.”

இதழ் அந்தக் கதையோடுதான் பிறக்கும் என்று நஸீரா படியிறங்கும்போதே முடிவுசெய்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து கழுதையைக் குதிரையாக்கினாள், எள்ளை வாதுமையாக்கினாள், பாக்தாத் பாரிஸ் ஆயிற்று. குளியலறைச் சோப்புப் பெட்டியிலிருந்த பிரெஞ்சுப் பெயரே ஆசிரியர் பெயர். தன் பெயரை மட்டும் கடைசியில்தான் கோடிட்டு அடித்தாள்.

மொழிபெயர்ப்பு என்று அவள் நீட்டிய தாள்களை அதிகாரி படிக்கத் தொடங்கினார். பணியாள் அவர் முன்னே காய்ந்த எலுமிச்சைத் தேநீரை வைத்துவிட்டுப் போனான். நஸீராவுக்குச் சுரீரென்றது. கதையில் செக்குக்காரன் குடிப்பதும் அதே தேநீர்தான். அதை மாற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பிரெஞ்சுக்காரன் இந்த ஈராக்கியத் தேநீரைக் குடிப்பான்?

அந்தப் பக்கத்துக்கு வந்த அதிகாரி ஒரு வாய் உறிஞ்சினார், உதட்டைத் துடைத்தார், தாளைப் புரட்டினார். கடைசியில் முத்திரை விழுந்தது.

“பாத்தீங்களா, எழுத்துன்னா இது. நீங்களும் இப்படி எழுதப் பழகுங்கம்மா.”

“முயற்சி பண்றேங்க ஐயா.”

அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அபூ பெஹ்னாம் நிமிர்ந்து சிரித்தார். “ஏம்மா, பிரெஞ்சுக்காரன் எப்பலேர்ந்து நம்ம டீயைக் குடிக்கிறான்? காப்பின்னு மாத்திரட்டா?”

“வேண்டாண்ணே. என் பேரைத்தான் எடுத்தாச்சே, அந்த டீயாவது இருக்கட்டும்.”

“மாட்டிக்கிட்டா?”

“முத்திரை குத்தினவரும் அதைத்தான் குடிச்சாரு. அப்படியே கோத்துடுங்க.”

மாதம் முடியுமுன் இதழ் வந்துவிட்டது. சில நாள் கழித்து அவள் பாலத்தடிக் காப்பிக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: “அந்தப் பிரெஞ்சுக்காரன் டீ ரெண்டு கொண்டாப்பா.” கடையே சிரித்தது. யாரோ தலையை நீட்டி அவளுக்குச் சலாம் வைத்தார்.

நஸீரா நடையைத் தளர்த்தவில்லை. அடுத்த இதழுக்கான கதை பையில் இருந்தது. ஆசிரியர் பெயர்தான் பாக்கி. சந்தை முனையில் வேறொரு பிரெஞ்சுச் சோப்பு வாங்கிக்கொண்டு அச்சகத்தை நோக்கி நடந்தாள்.