நாற்பத்தேழாம் டோக்கன்

மாதா கோயில் கூடத்தில் நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்திருந்ததோ ஒரே ஆள், லின்சி. ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். தஞ்சாவூர் சபாவுக்கு இரண்டு வருஷம் நடையாய் நடந்து, இந்தக் கச்சேரியை ஊருக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். சபாக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஜனங்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் மாதாமாதம் கச்சேரி உண்டு. பாதியில் எழுந்து போனால் இதோடு சரி, அடுத்தது வேறு ஊருக்கு.

பொங்கல் கழிந்து அறுவடையும் முடிந்தால் ஊர் சும்மாத்தானே இருக்கும் என்று நினைத்து அவள் தேதி குறித்திருந்தாள். விவசாயி வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி எங்கே போனதோ! மிஷின் ஒரே நாளில் அறுத்துத் தள்ளிவிடும். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நாள்கணக்கில் கிடக்கும், அதற்கு உடையவர்களும் கூடவே கிடப்பார்கள். எடைக்கு டோக்கன் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

நாலு மணிக்குப் பாடகி அகிலாண்டம் காரை விட்டு இறங்கினார். மிருதங்கத்தோடு ஜெரால்ட் பின்னால் வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அகிலாண்டம் லின்சியிடம் திரும்பினார்.

"ஜனங்கள்லாம் எங்கம்மா?"

"நெல்லுக்குக் காவலாக் களத்துல இருக்காங்கம்மா."

"அப்ப நமக்கு மட்டும் இங்க என்ன வேலை? களத்துக்கே போவோம், வா."

லின்சி ஸ்கூட்டியில் பறந்தாள். சேதி போய் விழுந்ததுதான் தாமதம், அங்கே காத்துக் கிடந்த கமருன்னிஸா தன் நெல்லின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவித் தரையில் விரித்தாள். சுமைதூக்கிகள் மூட்டைகளை அடுக்கிப் பத்தே நிமிஷத்தில் மேடை கட்டிவிட்டார்கள். எடை மிஷினின் பிளக்கிலிருந்து மைக்குக்குக் கரண்ட் வந்தது. அகிலாண்டம் செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேடையேறினார்.

லின்சியின் அப்பா சிங்கராயர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாகக் காத்துக் கிடக்கிற மனுஷர்.

"பாட்டு கேக்குற நேரமாம்மா இது? நாப்பத்தஞ்சாம் நம்பர் ஓடுது, எனக்கு நாப்பத்தேழு. கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சுப் போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சரிப்பா" என்றாள். வேறென்ன சொல்ல? அவர் எழுந்தால் பின்னாலேயே நாற்பத்தெட்டும் நாற்பத்தொன்பதும் எழும். அப்புறம் கச்சேரியாவது ஒன்றாவது!

அகிலாண்டம் மோகன ராகத்தில் தொடங்கினார். ஓரத்தில் நெல் தூற்றும் மிஷின் தடதடவென்று ஓடியது. ஜெரால்ட் அந்தத் தடதடப்பைக் காதில் வாங்கி, அதே நடையை அச்சு அசலாக மிருதங்கத்தில் வாசித்துக் காட்டினார். களமே சிரித்துக் கைதட்டியது. "இன்னொருக்கா போடுங்க சார்!" என்று சுமைதூக்கி ஒருவர் கத்தினார். லின்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

"நாப்பத்தேழு!"

எடைக்குப் பட்டியல் எழுதும் அரவிந்தனின் குரல். அப்பா எழுந்துகொள்ள ஒரு முழங்காலை ஊன்றிவிட்டார். அகிலாண்டத்தின் குரல் அப்போதுதான் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிங்கராயர் ஊன்றிய காலோடு, எழாமல் அப்படியே இருந்துவிட்டார்.

"நாப்பத்தேழு! சிங்கராயர்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தினார். "செத்த இருங்க தம்பி. அந்தம்மா மேல போயிருக்காங்க. எறங்கி வரட்டும்."

"அப்பறம் உங்க டோக்கன் கடைசிக்குப் போயிடுமுங்க!"

"போவட்டும்."

அரவிந்தன் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டார். அது கமருன்னிஸா. "அவருக்கு அப்பறந்தான் நான்" என்று அவள் சம்மணத்தை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டாள். நாற்பத்தொன்பதும் அசையவில்லை. அரவிந்தன் தலையைச் சொறிந்தார். போய்த் தூற்றும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, தானும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார்.

மங்களம் பாடி முடிக்கும்வரை ஒருத்தர்கூட எழவில்லை. லின்சி அழுதுகொண்டே கைதட்டினாள். சிங்கராயர் வேட்டியில் ஒட்டிய நெல்மணியைத் தட்டிவிட்டபடி அவளிடம் வந்தார்.

"அடுத்த மாசம் களம் காலியாயிடும். கூடத்துலயே வச்சுக்க" என்றார். "மொத வரிசையில எனக்கொரு நாற்காலி போட்டுடு."