சங்குக்கு முன்னே ஓடியவள்

உப்பு சுமக்கும் நாளில் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும். மேலிருந்து அடிப்பது ஒன்று, பாத்தியில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைவது ஒன்று. அதனால் மரக்காணத்து உப்பளத்தில் கூடை தூக்கும் பெண்கள் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மூக்கு, வாய் எல்லாவற்றையும் துண்டால் சுற்றிக்கொள்வார்கள். உதடு வெடிக்காமல் இருக்கும். அமுதவல்லிக்கு அந்தத் துண்டுகளைக் கண்டால் ஆகாது. துண்டுக்குப் பின்னால் போன பேச்சு அவளைப் பொறுத்தவரை பேசாத பேச்சுதான்.

ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு. பாரத்தோடு மேற்கே ரோட்டோரத்தில் உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்குப் போகிறவர்கள் ஒரு வரப்பிலும், உப்பைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறவர்கள் அடுத்த வரப்பிலும் போய்வந்தார்கள். அமுதவல்லிக்கு முன்னால் எப்போதும் திரௌபதிதான். ஏதாவது சொல்ல இருந்தால் ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி மறுகையால் துண்டை இறக்கிவிட்டு, முழு முகத்தையும் திருப்பிச் சொல்லுவாள். அளத்தில் அந்த மரியாதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அமுதவல்லி செவிடாகப் பிறந்தவள் அல்ல. பதினாறு வயதில் நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாகத் துப்பினாள். தினம் ஓர் ஊசி என்று மாதக்கணக்கில் போட்டார்கள். காதுக்குள் வண்டு கத்துகிறது என்று ஊசி போடும் நர்சிடம் சொன்னாள். உடம்பில் ரத்தம் இல்லை, கீரை சாப்பிடு என்றாள் அந்தம்மா. ஊசி நிற்கவில்லை. இருமல் நின்றது. பிறகு ஒருநாள் அடுப்படியில் மிளகாய் தாளித்தபோது நெடி வந்தது, கடுகு வெடிக்கிற சத்தம் வரவில்லை. சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கடுகு குதித்துக்கொண்டுதான் இருந்தது. உயிர் மிஞ்சியதே, அது போதாதா என்று வந்தவர் போனவர் எல்லாரும் அம்மாவிடம் சொன்னார்களாம். வண்டு மட்டும் இன்றைக்கும் கத்துகிறது.

பேச்சு போகவில்லை. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. வீட்டில் புருஷன் பச்சமுத்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டுவான், குறை என்று. திரௌபதி வேறு மாதிரி சொல்லுவாள்.

"நீ ரகசியம் பேசுனா அனுமந்தையில வலை காயப்போடுறவன் திரும்பிப் பாக்குறான்டி."

இறால் கம்பெனியில் ஒருமுறை வேலை கேட்டுப் போனாள். கேட்டில் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேர் கேட்டான். இவள் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளம் அப்படிக் கேட்கவில்லை. அதற்குத் தலை வேண்டும், கழுத்து வேண்டும், உப்பு அறுத்தாலும் நடக்கிற கால் வேண்டும். காது வேண்டாம். பச்சமுத்து அங்கேதான் பலகை வைத்து உப்பு வாரினான். இவள் கூடை தூக்கினாள். ஒருவர் கூலியில் ஓடாத வீடு இருவர் கூலியில் ஓடியது.

அந்த மார்கழியில் கடல் வந்தது. கால்வாய் வழியாக ஏறி, பாத்தி முழுக்கச் சேற்றை நிரப்பிவிட்டுப் போனது. மாசியில் மறுபடி வேலை தொடங்கியபோது பம்பு ஷெட்டின் மேல் ஒரு சங்கு வைத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் ஊளையிடுமாம். ஊதினால் போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும். எது நிஜம், எது ஒத்திகை என்று யோசிக்கக் கூடாது. மேஸ்திரி ராஜாங்கம் எல்லாரையும் உட்கார வைத்து இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் கண் அமுதவல்லியிடம் வந்து நின்றது.

"இவளுக்குக் கேக்காதே, திரௌபதி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னத்தான கேப்பாங்க?"

"நான் ஓடுனா அவளும் ஓடிவரப் போறா. அவ கண்ணு எம்முதுவுலதான் இருக்குது. வுடுங்கண்ணே."

ராஜாங்கத்தின் தங்கை மகளைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. மூன்றாம் நாள் சவுக்குத்தோப்பில் கண்டெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். கடைசியில், ஒரு தப்பு நடந்தாலும் அமுதவல்லி கூடையைக் கவிழ்த்துவிட்டு வேலையை விட்டே போய்விட வேண்டும் என்ற பேச்சோடு சரி என்றார்.

அன்றிலிருந்து அமுதவல்லிக்குச் சுமப்பது ஒரு வேலை, பார்ப்பது ஒரு வேலை என்று ஆனது. திரௌபதியின் தோள் குலுங்குகிறதா, யார் கூடை கீழே போகிறது, யார் தலை திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு தின்னும்போதும் எல்லாரையும் பார்க்கிற மாதிரிதான் உட்காருவாள். மாதம் ஒருமுறை சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்கள். யாருடைய கால் முதலில் திரும்பினாலும் அடுத்த கால் அவளுடையது. ஒருமுறை எல்லாருக்கும் முன்னால் ரோட்டில் நின்றாள். சங்கு இவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஊதுகிறது என்று பெண்கள் சிரித்தார்கள். ராஜாங்கமும் சிரித்தார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

சித்திரை முடியும் சமயம். அம்பாரங்கள் ஆள் உயரத்துக்குமேல் ஏறி, லாரிக்காகக் காத்திருந்தன. அன்று கடற்காற்று ஓங்கி அடித்தது. அமுதவல்லி வெறுங்கூடையோடு கிழக்கே பார்த்து நடந்தாள். முன்னால் திரௌபதி. தூரத்தில், கடைசிப் பாத்தியில் பச்சமுத்து குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

திரௌபதி சடாரென்று திரும்பினாள். கூடையை வீசினாள். பாத்தியில் இறங்கி, இவளைத் தாண்டி மேற்கே ஓடினாள். துண்டுக்குள் வாய் அசைந்தது, இறக்கிவிட்டுச் சொல்ல நேரமில்லை. அடுத்தடுத்து எல்லாக் கூடைகளும் விழுந்தன. எல்லாரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள்.

அமுதவல்லியின் கால் திரும்பிவிட்டது. மனசு திரும்பவில்லை. பச்சமுத்து இன்னும் குனிந்தபடியே இருந்தான். எதிர்க்காற்று, அவனுக்குச் சங்கு கேட்டிருக்காது. ஊருக்கெல்லாம் கேட்டு அவனுக்குக் கேட்காமல் போகிறதே. இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"மாமா, கடலு வருது! ஓடியா!"

அது எவ்வளவு பெரிய சத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பச்சமுத்து நிமிர்ந்தான். பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் ஓடினாள். மேற்கே, அம்பாரத்தின் மேல் கீற்றைப் போர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கீற்றைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறினார்கள். யாரும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜாங்கமும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

ரோட்டில் ஏறி, மூச்சு வாங்கி, அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். கடல் அதன் இடத்தில் இருந்தது. மேற்கேயிருந்து கருத்து வந்திருந்த கோடை மழை, முதல் சொட்டை அமுதவல்லியின் புறங்கையில் போட்டது. அடுத்த நிமிஷம் கொட்டியது. ராஜாங்கம் கீழே இறங்கி ஓடினார், பின்னால் நாலு பேர் ஓடினார்கள். காற்று கீற்றைத் தூக்கிப் பாத்திக்குள் போட்டது. அம்பாரத்தின் அடியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் கால்வாய்க்கு ஓடியது.

அமுதவல்லி புருஷன் கையை விடவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரௌபதி துண்டை இறக்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

"மழடி. மழைக்குத்தான் ஓடுனோம். கீத்துப் போட."

மழை விட்டதும் முதலாளி ஜீப்பில் வந்தார். பம்பு ஷெட்டுத் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள். முதலாளியின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. ராஜாங்கம் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். நடுவில் ஒருதடவை அவர் விரல் காதுக்குப் போய் வந்தது. பச்சமுத்து தலையைத் தொங்கப்போட்டு நின்றான். திரௌபதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி அவள் பக்கம் கையை நீட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். அமுதவல்லி கிட்டே போனாள்.

"இன்னா சொல்றாங்க?"

எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பச்சமுத்து உள்ளங்கையை அமுக்கிக் காட்டினான்.

"என்னப் பத்தித்தான பேசுறீங்க? எம்மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

முதலாளி ஒருமுறை பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைத் தட்டித் தட்டிக் கேட்டாள். அவன் திரும்பவில்லை. வீட்டில், விளக்குக்குக் கீழே அவனை இழுத்து உட்காரவைத்தாள்.

"இன்னா மாமா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அவ்ளோ நேரம் பேசுனாங்க?"

"அப்புறம் சொல்றேன், சோறு போடு."

கல்யாணம் ஆன நாளாக அவன் சொல்லிவரும் அப்புறம் அது. எந்த அப்புறமும் வந்ததில்லை. அவள் தட்டை எடுக்கவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டிச் சொன்னான்.

"உன்ன வர வேணாம்னுட்டாரு. பேசுனா என்னையும் நிறுத்திடுவாராம். திரௌபதியையும்தான். நான் இன்னாடி பண்ணுவேன்?"

மறுநாள் அவன் சைக்கிளில் முன்னே போனான். அவள் நடந்தே போனாள். ஆளாளுக்குக் கூடை எடுத்து வரப்பில் ஏறிவிட்டிருந்தார்கள். திரௌபதிக்குப் பின்னால் இப்போது கொளஞ்சியம்மாள் நடந்தாள். திரௌபதி இவளைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே கண் கலங்கியிருந்தது. ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது, மறு கையும் கூடையைத்தான் பிடித்திருந்தது.

ராஜாங்கம் தூரத்திலிருந்தே போ போ என்று கையாட்டினார். அமுதவல்லி அவர் எதிரில் போய் நின்றாள்.

"உங்க வாயால சொல்லுங்கண்ணே. ஆட்ட ஓட்டுற மாதிரி கைய ஆட்டாதீங்க."

அவர் வாயைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். வாயை நன்றாகத் திறந்து, அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கேக்காதவ சொல்லிக் கேக்குறவங்க ஓடுனா அளம் நடக்குமாம்மா? இன்னொரு நாளு நெசமாவே வந்து, நீதான் சும்மா கத்துறேன்னு இவங்க நின்னுட்டா? அத யாரு தாங்குறது? போயிடும்மா."

அவள் போகவில்லை. ரோட்டுக்குக் கீழே, முதல் வரப்பில் நின்றுகொண்டாள். வெயில் ஏறியது. யாரும் அவளை விரட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

திடீரென்று கொளஞ்சியம்மாள் திரும்பினாள். கூடைகள் விழுந்தன. எல்லாரும் அவளை நோக்கி ஓடிவந்தார்கள். அமுதவல்லியின் வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. மேற்கே பார்த்தாள், மேகம் இல்லை. கிழக்கே பார்த்தாள், கண்ணைக் கூசும் வெள்ளை. தொண்டை வரைக்கும் வந்தது ஒரு சத்தம். தூக்கிய காலை அதே இடத்தில் வைத்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். வண்டு கத்தியது. பெண்கள் இரண்டு பக்கமும் அவளை இடித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியாகப் பச்சமுத்து வந்தான். அவன் கை அவள் பக்கம் பாதி நீண்டது. பின்னாலேயே ராஜாங்கம் வந்ததால் கையை மடக்கிக்கொண்டு ஓடினான். நேற்று நடந்ததுக்காக முதலாளி இன்றைக்கே ஓர் ஒத்திகை வைக்கச் சொல்லியிருந்தார். அவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் வேலை இல்லை.

ரோட்டில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ராஜாங்கம் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு போனார். திரௌபதி, கொளஞ்சியம்மாள், அடுத்தவர், அதற்கடுத்தவர். வரிசைக் கடைசியில், கீழே வரப்பையே பார்த்துக்கொண்டு நின்ற பச்சமுத்துவைத் தொட்டு விரல் நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்தது. சங்கை நிறுத்தலாம் என்று பம்பு ஷெட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார்.